பச்சையாகவே இருந்த பக்கம்

அலுவலகத்தில் அவருக்குப் பச்சைக்கொடி என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரியாது. ஆனால் அந்தப் பெயரில் அவருக்குக் கோபம் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

காரணம் இருந்தது. அந்தக் கம்பெனி ரத்தப் பரிசோதனை லேப்களுக்கும் கிளினிக்குகளுக்கும் மென்பொருள் செய்து விற்றது. அத்தனையும் ஜாவாவில் எழுதிய ஒரே அஸ்திவாரத்தின் மேல் நின்றன. அந்த அஸ்திவாரத்தை எழுதியவர் பச்சைக்கொடி. அதில் ஒரு பக்கம் உண்டு. சர்வர் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரியும். நன்றாக இருந்தால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. அது சிவப்பாகி யாரும் பார்த்ததில்லை. எம்.டி.யின் அறையில் பெரிய திரையில் நாள் முழுக்க அது பச்சைப் பசேலென்று எரிந்துகொண்டிருக்கும். புதிதாக வரும் வாடிக்கையாளர்களை அதன் முன்னால் நிறுத்தி, "பார்த்தீங்களா?" என்பார் எம்.டி. வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பச்சையின் ரகசியம் எளிமையானது. ஜாவாவில் ஒரு வேலை நடுவழியில் கெட்டுப்போனால், அது எக்ஸெப்ஷன் என்று ஒன்றைத் தூக்கி வீசும். அதைப் பிடித்து, யாரிடம் சொல்வது, என்ன செய்வது என்று எழுதிவைக்க வேண்டும். பச்சைக்கொடி எல்லா இடத்திலும் பிடித்தார். பிடித்த பிறகு ஒன்றும் எழுதவில்லை. வீசியதும் தெரியாது, விழுந்ததும் தெரியாது. "கஸ்டமர் கண்ணுல கோளாறே படக்கூடாது" என்பது அவர் கொள்கை. தன் கண்ணிலும் படவில்லை என்பதை அவர் யோசித்ததில்லை.

இந்த நிம்மதியில் கல்லைப் போட வந்தவள் அவருடைய சொந்தக் கொழுந்தியாள்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். மனைவியின் தங்கை. அக்கா கெஞ்சியதால்தான் அவளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். 'மூலையில உட்கார்ந்து சொன்னதைச் செஞ்சிட்டுப் போவா' என்று நினைத்தார். அவளோ மூலையில் உட்கார்ந்து அவருடைய அஸ்திவாரம் முழுவதையும் வரி வரியாகப் படித்துவிட்டாள்.

ஊரெல்லாம் கிளை வைத்திருந்த பெரிய லேப் ஒன்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை போட்டது. கோளாறு வந்தால் உடனே தெரிய வேண்டும், ஆரோக்கியப் பக்கம் உண்மையைச் சொல்ல வேண்டும். எம்.டி. கூட்டம் போட்டார். இதை ஒழுங்காகச் செய்து முடிக்கிறவருக்குத்தான் தொழில்நுட்பத் தலைவர் நாற்காலி என்றார். அந்த நாற்காலிக்காகப் பச்சைக்கொடி காத்திருந்த காலத்தில் அவருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

"நம்ம பக்கம் உண்மையைத்தானே சார் சொல்லுது?" என்றார் அவர்.

"சொல்லலை மாமா" என்ற சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சொல்லலை சார்" என்று திருத்தினாள்.

யாரோ சிரித்தார்கள்.

"இது சோதனை சர்வர்தான். இப்ப டேட்டாபேஸை நிறுத்துறேன்." ஒரு கட்டளையைத் தட்டினாள். "நிறுத்திட்டேன். எந்த நோயாளியோட பேரும் இப்ப வராது. இப்ப பக்கத்தைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பச்சை.

"பிணத்துக்கு நாடி பிடிச்சுப் பார்த்து, நல்லா இருக்காருன்னு சொல்ற டாக்டர் மாதிரில்ல இருக்கு!" என்றார் எம்.டி. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பச்சைக்கொடியும் சிரித்தார். வேறு என்ன செய்ய முடியும்? காது மட்டும் கொதித்தது.

வேலை சின்னவளிடம் போனது. சரிபார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அன்று வீட்டில் மனைவி பூரித்துப் போயிருந்தாள். அவள் மழலையர் பள்ளி ஆசிரியை. நாளெல்லாம் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கணீரென்று பழகிய குரல்.

"என்னங்க, சின்னவ இன்னைக்குக் கலக்கிட்டாளாமே? எம்.டி.யே பாராட்டினாராம்?"

"ஆமா. என்னை வெச்சுத்தான் கலக்கினா" என்றார்.

"போங்க, எப்பப் பாரு விளையாட்டு." அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சின்னவள் வேலையை முடித்து அனுப்பினாள். பச்சைக்கொடி கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. அவர் ஊமையாக்கி வைத்த இடத்திலெல்லாம் அவள் வாய் கொடுத்திருந்தாள். எது கெட்டது, எங்கே கெட்டது, யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் இருந்தது.

அப்புறம் ஓர் இடத்தில் அவர் கண் நின்றது.

அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். புத்திசாலிகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. லேப்பின் வேலையைப் பல சர்வர்கள் பகிர்ந்துகொண்டிருந்தன. வாசலில் ஒரு காவல்காரனைப் போல லோடு பேலன்சர் நின்று, வருகிறவர்களைப் பிரித்து உள்ளே அனுப்பும். அது அடிக்கடி ஒவ்வொரு சர்வரிடமும் "உயிரோட இருக்கியா?" என்று கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் அந்த சர்வருக்கு ஆளை அனுப்பாது. சின்னவள் அந்தக் கேள்விக்கான பதிலிலேயே வெளியார் உடம்பையும் சேர்த்துவிட்டாள். டேட்டாபேஸ், பிரிண்டர், எஸ்.எம்.எஸ். அனுப்பும் கம்பெனி எல்லாமே அதற்குள் இருந்தன. நாளைக்கு எஸ்.எம்.எஸ். கம்பெனிக்குச் சளி பிடித்தால் போதும். நன்றாக இருக்கும் அத்தனை சர்வர்களும் ஒரே குரலில் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லும். காவல்காரன் மொத்த வாசலையும் அடைத்துவிடுவான்.

அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதைத் தனியாப் பிரிச்சு வை" என்று சொன்னால் முடிந்தது. ஒரே ஒரு வரி.

பச்சைக்கொடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேசையைச் சுற்றிக் கேட்ட அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. 'அருமை' என்று தட்டினார். ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

"தேங்க்ஸ் மாமா!" என்று கதவைத் திறந்து தலையை நீட்டினாள் சின்னவள். "நீங்க பார்த்துட்டீங்கன்னா எனக்குப் பயமே இல்லை."

"நல்லா செஞ்சிருக்கே. போ."

அவர் நினைத்ததற்கு முன்பே அது நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க ஜனங்கள் வரிசையில் நிற்கும் நேரம். எஸ்.எம்.எஸ். கம்பெனி கொஞ்சம் தடுமாறியது. அடுத்த நொடி லேப்பின் எல்லாக் கிளைகளிலும் திரைகள் இருண்டன. பேர் பதிய முடியவில்லை, எடுத்த ரத்தக் குப்பியில் ஒட்டச் சீட்டு வரவில்லை. சர்க்கரை நோயாளிகள் மயங்கி உட்கார்ந்தார்கள். லேப் முதலாளி எம்.டி.யைப் போனில் பிடித்துக்கொண்டு விடவில்லை.

எம்.டி. அறையில் பெரிய திரை முதல் முறையாகச் சிவப்பாக இருந்தது.

சின்னவள் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரே நிமிஷம் சார், எங்கேன்னு தெரிஞ்சிடுச்சு..."

"நீ தள்ளும்மா" என்றார் பச்சைக்கொடி. அவர் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் எழுதியதை மொத்தமாகத் தூக்கி எறிந்து தன் பழைய அஸ்திவாரத்தைத் திரும்ப வைத்தார். திரை பச்சையானது. லேப்பின் திரைகளுக்கும் உயிர் வந்தது. எம்.டி. அவர் தோளைத் தட்டினார்.

"ஏன்யா, இதை நீதானே சரிபார்த்தே?"

"குடும்பத்துப் பொண்ணு சார். நம்பிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் தப்புதான்."

அந்தப் பணிவு எம்.டி.யை உருக்கிவிட்டது. அன்று மாலையே சின்னவளுக்குச் சீட்டுக் கிழிந்தது, அந்த வார முடிவில் அவருக்கு நாற்காலி கிடைத்தது.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, நீங்க அந்த வரியைப் பார்த்தீங்கல்ல?"

"எல்லா வரியையும் நானே பார்க்க முடியுமா?"

"பார்த்தீங்க. நீங்க பார்க்காம விட மாட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும். தப்பு அந்த ஒரு இடம்தான். மீதியைத் திரும்பப் போடுங்க. கோளாறை விழுங்காம எழுதி வைக்கிற பகுதி தனி. அதை எடுத்துடாதீங்க, ப்ளீஸ்."

"புத்தி சொல்ற வேலை போனதும்தான் ஆரம்பிக்கணுமா?" என்றார் பச்சைக்கொடி.

அவர் மீதியைத் திரும்பப் போடவில்லை. லேப் முதலாளியும் ஒரு முறை பட்ட சூட்டில் நிபந்தனையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பச்சைக்கொடி அவளுடைய மெயில் முகவரியையும் மூடச் சொன்னார். நடந்தது ஊரெல்லாம் தெரிந்துவிட்டதால் வேறு எந்தக் கம்பெனியும் சின்னவளைச் சேர்க்கவில்லை. ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக் கொடுக்கப் போனாள். அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை அவளுக்காகப் பேசியிருக்கலாம்ல?" என்று மனைவி கேட்டாள்.

"பேசினேன். பேசினதாலதான் வேலை மட்டும் போச்சு. இல்லைன்னா கேஸே போட்டிருப்பாங்க."

மனைவி நம்பினாள். அவள் எதையும் நம்புவாள். அதுதான் அவளிடம் அவருக்குப் பிடித்த குணம்.

கொஞ்ச நாளில் மனைவியின் குரல் கட்டியது. "பிள்ளைங்ககிட்ட கத்திக் கத்தி..." என்றாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சின்னதாக ஒரு கட்டி.

"நம்ம லேப்பு இருக்கு, வா" என்று பச்சைக்கொடியே அழைத்துப்போனார். கட்டியில் ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துக்கொண்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் அவரை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள்.

"மேடம், ரிசல்ட்ல ஏதாவது இருந்தா ஒரு வாரத்துக்குள்ள, உடனே டாக்டரைப் பாருங்கன்னு மெசேஜ் வரும். வந்தா மட்டும் வாங்க. வரலைன்னா நிம்மதியா இருங்க, ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

அந்த ஏற்பாடு பச்சைக்கொடி சொல்லிக் கொடுத்தது. எல்லோருக்கும் மெசேஜ் போனால் எல்லோரும் போன் போட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று லேப்காரர்கள் அலுத்துக்கொண்டபோது, "மோசமானதை மட்டும் அனுப்புங்க" என்று அவர்தான் யோசனை சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் மனைவி போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போகும்போது கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு டிங்குக்கும் அவள் முகம் வெளுத்தது. ஒரு தடவை சேலைக் கடை விளம்பரம், ஒரு தடவை பள்ளிக்கூட வேன் டிரைவர்.

கெடு தாண்டியது. மெசேஜ் வரவில்லை.

"வரலைங்க!" குழந்தை மாதிரி குதித்தாள்.

"நான்தான் சொன்னேனே. என் சிஸ்டம் தப்பாது." கடைக்கு அழைத்துப்போய் அவள் வெகுநாளாகக் கேட்ட ஜன்னல் திரைகளை வாங்கிக் கொடுத்தார். மஞ்சள் வேண்டும் என்றாள். அவர் பச்சையை எடுத்தார்.

சின்னவள் மட்டும் அக்காவுக்குப் போன் செய்து, "மெசேஜை நம்பாதேக்கா, நேர்ல போய்க் கேளு" என்றாள். மனைவி அதை வந்து சொன்னபோது பச்சைக்கொடி வாய்விட்டுச் சிரித்தார்.

"அவளுக்கு எதைப் பார்த்தாலும் சிவப்புதான். உனக்குக் கட்டி இருந்தா நல்லாயிருக்கும்னு ஆசைப்படுறாளோ என்னமோ."

"சீ, அப்படிப் பேசாதீங்க" என்றாள் மனைவி. ஆனால் நேரில் போகவில்லை. குரல் மட்டும் கட்டிக்கொண்டே போனது. பள்ளியில் விசில் ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

மழை பெய்து, வெயில் வந்து, மறுபடி மழை வந்தபோது, சர்வரை வாடகைக்குக் கொடுத்திருந்த கம்பெனிக்காரன் பச்சைக்கொடிக்குப் போன் செய்தான். "சார், உங்க டிஸ்க் நிறைஞ்சிடுச்சு. என்னத்தைப் போட்டு வெச்சிருக்கீங்க?"

எம்.டி. அறைத் திரையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பச்சைக்கொடி சர்வருக்குள் நுழைந்து பார்த்தார்.

அங்கே மெசேஜ்கள் குவிந்து கிடந்தன. ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு. எஸ்.எம்.எஸ். கம்பெனி பாஸ்வேர்டை மாற்றியிருந்தது. மாற்றும் முன் அறிவிப்பும் கொடுத்திருந்தது. அது போன முகவரி, வேலையின்போது தொடர்புக்கென்று கொடுத்திருந்த சின்னவளுடையது, அவர் மூடச் சொன்ன முகவரி. அன்று முதல் ஒவ்வொரு மெசேஜும் அந்தக் கம்பெனியின் வாசல்வரை போய்த் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எக்ஸெப்ஷன் வீசப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அவருடைய அஸ்திவாரம் அதை அழகாகப் பிடித்து விழுங்கியது. லேப்பின் திரையிலோ எல்லாவற்றுக்கும் நேராக 'அனுப்பியாயிற்று'.

மோசமானது மட்டுமே மெசேஜாகப் போகும். அப்படியென்றால் இங்கே கிடப்பவை அத்தனையும் மோசமானவை.

மனைவியின் போன் எண்ணைத் தட்டித் தேடினார். இருந்தது. 'உடனே மருத்துவரை அணுகவும்.' ஜன்னல் திரை வாங்கப் போன நாளுக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

சிறிது நேரம் அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ஏ.சி.யின் இரைச்சல் கேட்டது. பிறகு யோசனை வந்தது. அது வேகமாக வந்தது.

எல்லாவற்றையும் இப்போது அனுப்பினால் அத்தனை போன்களும் டிங் என்னும். பழைய தேதியோடு போகும். லேப் கேட்கும், எம்.டி. கேட்பார், நாற்காலி போகும், அதோடு நிற்காது. அனுப்பாவிட்டால்? 'நிஜமாவே உடம்புக்கு முடியாதவங்க இத்தனை நாள்ல தானாவே டாக்டர்கிட்ட போயிருப்பாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டைச் சரிசெய்தார். இனி வருபவை போகும். மனைவியின் ரிப்போர்ட்டைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். மிச்சத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். டிஸ்க் காலியானது.

வீட்டுக்குப் போய், "சும்மா இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வரலாம்" என்றார்.

"மெசேஜ்தான் வரலையே?" இப்போது அவள் பேசினால் காற்றுத்தான் அதிகம் வந்தது. "உங்களுக்கு என் மேல இவ்வளவு அக்கறையா?" அவள் கண் கலங்கியது. அவர் வேறுபக்கம் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குத் துணையாக மனைவி தங்கையையும் வரச்சொல்லியிருந்தாள். பச்சைக்கொடிக்கு அது வாசலில்தான் தெரிந்தது. சின்னவள் அவரைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி.

மருத்துவர் வயதான அம்மாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு லேப் ரசீது எண்ணைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டினார். புருவம் சுருங்கியது.

"உடனே வரச் சொல்லி அப்பவே மெசேஜ் போயிருக்கேம்மா? ஏன் வரலை?"

"எனக்கு வரலையே டாக்டர்."

"அனுப்பியாச்சுன்னு பச்சை டிக் இருக்கு, பாருங்க." திரையைத் திருப்பினார். பெருமூச்சு விட்டார். "அப்பவே வந்திருந்தா சின்ன ஆபரேஷன். இப்ப கட்டி குரல் நரம்பைச் சுத்திக்கிச்சு. எடுத்துடலாம். குரல் திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது."

மூவரும் வெளியே வந்தார்கள். நீளமான வராந்தா. இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் ஆட்கள், பலர் மடியில் அதே லேப்பின் வெள்ளை உறை.

மனைவி அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கணவனை அண்ணாந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்க. இல்ல?"

"நேத்துதான் தெரிஞ்சது. சத்தியமா நேத்துதான். ஏதோ ஒரு மெசேஜ் மட்டும் எங்கயோ சிக்கிடுச்சு..."

"எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்தான்."

மனைவி தங்கை பக்கம் திரும்பினாள். வேலையைவிட்டு அனுப்பிய நாளிலிருந்து தங்கையிடம் கேட்காமல் வைத்திருந்த அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. "ஏண்டி, ஒருத்திக்கு மட்டும் வராம போகுமா?"

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. "போகாதுக்கா. எல்லாருக்கும் ஒரே வழிதான். உனக்கு வரலைன்னா யாருக்கும் வரலை."

"இவ பேச்சைக் கேக்காதே! இவளுக்கு என் மேல..." என்று பச்சைக்கொடி ஆரம்பிக்கும் முன் மனைவி போனை எடுத்துவிட்டாள். அவர் அதைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"இங்க பாரு, என் வேலை போயிடும். நமக்கு இப்ப ஆபரேஷன் இருக்கு, எனக்கு வேலை வேணும். யோசிச்சுப் பாரு. உனக்காகத்தான் சொல்றேன்."

சின்னவள் நடுவில் வந்து நின்றாள். மனைவி லேப் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ... மெசேஜ் எதுவும் போகலை. ரிசல்ட் மோசமா வந்த எல்லாரையும் கூப்பிடுங்க."

"மேடம், கேக்கலை, கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றது மறுமுனை.

அவள் எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடி சொன்னாள். குரல் உடைந்து காற்றாகப் போனது.

"சரியா கேக்கலை மேடம்..."

"கொடுக்கா, நான் பேசுறேன்" என்று சின்னவள் கை நீட்டினாள். மனைவி கொடுக்கவில்லை. மூன்றாம் முறை சொன்னாள். வராந்தாவில் பேச்சு நின்றது. எதிர்ப் பெஞ்சில் மடியில் வெள்ளை உறையோடு இருந்த ஆள் மெல்லத் தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் பார்த்தாள்.

"எங்களுக்கும் வரலையே" என்றாள் அந்தப் பெண், நேராகப் பச்சைக்கொடியைப் பார்த்து. "வரலைன்னா ஒண்ணுமில்லைன்னுதானே சார் அர்த்தம்?"